பிணைக் கையெழுத்து



ஒக்டோபர் வந்துவிட்டது. தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைகளில் பேச்சுப் போட்டி, நூலக வாசல்களில் பதாகை, ஒரு புத்தகக் கண்காட்சி, கடைசியில் நன்றியுரை. இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. பேச்சுப் போட்டியில் ஆறுதல் பரிசாகக் கிடைத்த புத்தகத்தில் தொடங்கி இன்றுவரை வாசிப்பை விடாதவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் வாசிப்பின் மேன்மையைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர் இந்த இதழைக் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டார். என் கேள்வி சிறியது. கண்டியில் ஒரு புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக எந்தக் காலத்தில் யாருக்கு உரிமை இருந்தது?

தலதா மாளிகைப் பக்கமாக வாவிக் கரையில் நடந்தால், தண்ணீருக்குள் காலை வைத்து நிற்கும் வெள்ளைக் கட்டடம் ஒன்று தெரியும். சிங்களத்தில் உல்பென்கே. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் அரசியர் நீராடிய மண்டபம். வாவியையே அந்த நாயக்க வம்சத்து மன்னன்தான் 1807இல் தொடங்கி 1812 வரையில் வெட்டுவித்தான். மூன்று ஆண்டு கழித்து ஆங்கிலேயர் அவனைப் பிடித்து வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். 1828ஆம் ஆண்டளவில் அவனுடைய அரசியரின் குளியல் மண்டபத்துக்கு மேல்மாடி கட்டி, அதில் ஒரு நூலகத்தை வைத்தார்கள். அப்போது மன்னன் வேலூர்க் கோட்டையில் உயிரோடுதான் இருந்தான், இறந்தது 1832இல். சேதி அவன் காதுக்கு எட்டியிருக்குமா என்று வாவிக் கரையில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அந்த நூலகத்தின் பெயர் யுனைட்டட் சேர்விஸ் லைப்ரரி. தரைப்படைக்கும் கடற்படைக்கும் பொதுவான, படை அதிகாரிகளுக்கான நூலகம். இதே பெயரில் கொழும்பில் 1813இலேயே ஒன்று தொடங்கியிருந்தார்கள். சந்தா கட்டி நடத்துவது. மலையில் மழையும் அட்டைக்கடியுமாகக் காலம் தள்ளிய படை அதிகாரிக்குப் பொழுது போக வேண்டும். லண்டன் பத்திரிகை நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பலில் வந்து, கொழும்பில் இறங்கி, கண்டிக்கு ஏறிச் சேரும்போது அதிலிருந்த யுத்தங்கள் சமாதானம் ஆகியிருக்கும். கொழும்பு–கண்டி தபால் கோச்சு வண்டி ஓடத் தொடங்கியது 1832இல். ரயில் வந்தது 1867இல். சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல். ஒவ்வொன்றும் வர வர இந்த ஊரின் வாசிப்பு மேசையில் பத்திரிகையின் வயது குறைந்தது. இடையில் படைக்காரர் குறைந்து கோப்பித் துரைமார் பெருகினார்கள். இலங்கைத் தோட்டத்துரைமார் சங்கம் 1854இல் கண்டியில்தான் பிறந்தது. வாவிக் கட்டடம் பிறகு நகர நூலக அறங்காவலர் கைக்குப் போனது. அதற்கும் பிறகு நெடுங்காலம் பொலிஸ் காரியாலயமாக இருந்தது. குளிக்கும் இடம், வாசிக்கும் இடம், முறைப்பாடு எழுதும் இடம். கண்டியின் இருநூறு ஆண்டு அந்த ஒரு கூரையின் கீழே கிடக்கிறது.

புத்தகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தது துரைமார்தான் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. உல்பென்கேயிலிருந்து நாலு எட்டு வைத்தால் மாளிகையின் எண்கோண மண்டபம், பத்திரிப்புவ. அதே மன்னன் காலத்துக் கட்டடம். இன்று அதற்குள் இருப்பது ஓலைச்சுவடி நூலகம். மல்வத்தை, அஸ்கிரிய விகாரைகளிலும் சுவடிகள் உண்டு. தாளிப்பனை ஓலையை அவித்து, உலர்த்தி, வழவழப்பாகத் தேய்த்து, எழுத்தாணியால் கீறி, கரி கலந்த எண்ணெய் பூசித் துடைத்தால் எழுத்துக் கறுப்பாகத் துலங்கும். ஒரு சுவடியைப் பெயர்த்தெழுதுவது புண்ணியம் என்ற நம்பிக்கைதான் அந்த நூலகத்தின் வரவு செலவுத் திட்டம். அங்கே இரவல் கிடையாது. ஆனால் வாசிக்கத் தெரியாதவனும் கேட்கலாம். பிக்கு வாசிப்பார், ஊர் உட்கார்ந்து கேட்கும். எழுத்தறிவு சிலரிடமும் கேள்வியறிவு பலரிடமும் இருந்த காலம் அது.

அந்தக் கண்டி இராச்சியத்தில் புத்தகத்துக்கு ஏங்கிய ஒரு வெளியாளின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலக் கப்பல்காரர் 1660இல் பிடிபட்டு 1679இல் தப்பும்வரை இங்கே கைதி. சிறைக்கூடத்தில் அல்ல, கிராமங்களில். அவரிடம் இருந்தவை இரண்டே சமயப் புத்தகங்கள். ஏறக்குறைய மனப்பாடமாகும்வரை திரும்பத் திரும்ப வாசித்தார். ஒருநாள் ஒரு கிழவர் ஆங்கிலப் புத்தகம் ஒன்றோடு வந்தார். பார்த்தால் வேதாகமம். கைவசம் இருந்த ஒரே பொற்காசையும் கொடுத்துவிடலாம் என்று நொக்ஸ் துடித்தார். கூட இருந்த வேலைக்காரப் பையன், ஆசையை வெளியில் காட்டாதீர்கள் என்று தடுத்து, கடைசியில் ஒரு பின்னல் தொப்பிக்குப் பேரத்தை முடித்தான். 1681இல் லண்டனில் வெளிவந்த தம் நூலில் நொக்ஸ் இதை எழுதியிருக்கிறார். புத்தகத்தின் மதிப்பு நொக்ஸுக்குத் தெரிந்தது. விலை பையனுக்குத் தெரிந்தது. புத்தகக் கடையில் இன்றும் எனக்கு அப்படி ஒரு பையன் துணைக்குத் தேவைப்படுகிறான்.

சரி, நம் கேள்விக்கு வருவோம். கண்டி மாநகர சபை 1865இல் அமைந்தது. கொழும்போடு சேர்ந்து நாட்டின் முதல் இரண்டு மாநகர சபைகளில் ஒன்று. சபை என்றால் வரி. வீட்டுக்குச் சோலைவரி கட்டுகிறவன் விளக்குக் கம்பம் கேட்டான், தண்ணீர்க் குழாய் கேட்டான், காலம் போகப் போகப் புத்தகமும் கேட்டான். சந்தா நூலகம் பொது நூலகமாக மாறியதன் சூட்சுமம் இதுதான்: சந்தாவின் இடத்தை வரி பிடித்துக்கொண்டது. கொழும்பின் பொது நூலகம் 1925இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா தம் வீட்டுப் புத்தகங்களோடு தொடங்கிய முயற்சி, 1934இல் ஒரு வாடகை அறையில் பொது நூலகமாயிற்று. கண்டி மாநகர சபையின் பொது நூலகம் இன்று டி. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகம்.

அந்தப் பெயரைத் தாண்டி என்னால் சட்டென்று போய்விட முடியவில்லை. நாட்டின் முதல் பிரதமர். பெயர் வைத்ததில் பிழை காண முடியாது. ஆனால் அவருடைய அரசாங்கம் கொண்டுவந்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம்தான் மலைநாட்டுத் தமிழரில் ஏழு இலட்சம் பேரளவில் நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்குமாகப் பங்கிட்டது. அந்த வழக்கை முழுதாக முடித்துவைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து சென்று வரலாற்றுப் பாடக் குறிப்பு எடுக்கும் தோட்டத்துப் பிள்ளை, பலகையில் இருப்பவரைத் தன் பாடப் புத்தகத்திலும் சந்திக்கும். அதன் பாட்டனாருக்கு இந்த ஊரில் குடியுரிமை இருக்கவில்லை, நூலக அட்டையும் இருக்கவில்லை. பெயரை மாற்றச் சொல்லவில்லை. உசாத்துணைப் பகுதியில் அந்தச் சட்டத்தின் பிரதியும் எளிதில் எட்டும் தட்டில் இருக்கட்டும் என்பதே என் ஆசை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். உள்ளூராட்சி நூலகம் எதிலும் அங்கத்துவ விண்ணப்பப் படிவத்தை வாங்கிப் பாருங்கள். பெயர், முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம். அதற்குக் கீழே வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கிராம உத்தியோகத்தர் கையொப்பம். அதற்கும் கீழே பிணையாளி. பெரும்பாலும் அந்தச் சபை எல்லைக்குள் சோலைவரி செலுத்தும் ஒருவர் பிணை நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வைப்புப் பணம் கட்ட வேண்டும். நியாயமான ஏற்பாடுதான். புத்தகம் திரும்பி வராவிட்டால் யாரைக் கேட்பது? நகரத்துப் பிள்ளைக்கு அப்பாவே கையெழுத்துப் போட்டுவிடுவார். ஹந்தானையில், கலஹாவில், தெல்தோட்டையில், மடுல்கலையில் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து வரும் பிள்ளைக்கு? லயம் கம்பனியுடையது. வீட்டுக்கு உறுதி கிடையாது, வரிப் பற்றுச்சீட்டு கிடையாது. அது யாரிடம் போய்க் கையெழுத்துக் கேட்கும்? கடை முதலாளியிடம், பாடசாலை அதிபரிடம், டவுனில் இருக்கும் தூரத்து மாமாவிடம். அவர்கள் போட்டுக் கொடுத்த கையெழுத்துகளால்தான் மலையகத்தின் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் சட்டத்தரணிகளும் வந்தார்கள் என்று நான் சொன்னால் மிகையென்று தள்ளாதீர்கள். யார் யார் பிணை நின்றார்கள் என்ற பட்டியல் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை.

நூலகத்துக்குப் பணம் தேடுவதில் தமிழ்நாட்டு வழி வேறு. 1948ஆம் ஆண்டின் மதராஸ் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னால் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பு இருந்தது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி என்று தனியாக வசூலித்து, அதை நூலகத்துக்கென்றே ஒதுக்க அந்தச் சட்டம் வழிசெய்தது. இன்று சொத்து வரியில் நூற்றுக்குப் பத்து. அந்தப் பணம் நேரத்துக்கு நூலகத்துக்குப் போய்ச் சேருகிறதா என்பது அங்கே தனிச் சண்டை; கேட்டால் அங்குள்ள நண்பர்கள் விடிய விடியச் சொல்வார்கள். இங்கே அப்படித் தனி வரி இல்லை. சபையின் பொதுப் பணத்தில் வடிகாலோடும் தெருவிளக்கோடும் நூலகம் போட்டி போட வேண்டும். வடிகால் அடைத்தால் நாறும். நூலகம் அடைத்தால் நாறாது. போட்டியில் யார் வெல்வார் என்று சொல்லத் தேவையில்லை.

கண்டி மாநகரம் பரவாயில்லை. எல்லையைத் தாண்டிப் பிரதேச சபைக்குள் போனால் விஷயம் இன்னும் கடினம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை தன் நிதியைச் செலவிடுவதற்கு முட்டுக்கட்டையாக இருந்தது. வாக்குக் கேட்டுத் தோட்டத்துக்குள் போகலாம், வென்ற பிறகு அங்கே பாதை போட முடியாது, வாசிகசாலை கட்ட முடியாது. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. முப்பத்தொரு ஆண்டு. அந்த இடைவெளியில் பிறந்து, படித்து, வேலை தேடிக் கொழும்புக்குப் போய்விட்ட ஒரு தலைமுறைக்குத் திருத்தம் வந்த சேதியே தெரியாது. திருத்தத்துக்குப் பின் உங்கள் பிரதேச சபை தோட்டத்துக்குள் வாசிகசாலை திறந்திருந்தால் எழுதுங்கள். பெயரோடு, படத்தோடு போடுகிறேன். திறக்காவிட்டாலும் எழுதுங்கள்.

சபை வராத காலத்திலும் வாசிகசாலை இருந்தது, வேறு உருவத்தில். லயக் காம்பராவின் வாசலில், அல்லது காலையில் பேர் பதியும் பிரட்டுக் களத்துக்குப் பக்கத்துக் கடையில், ஒரே ஒரு பத்திரிகை. வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரத்து வாசிப்பார்; சுற்றி இருபது பேர் கேட்பார்கள். நடுவில் ஒருவர் கேள்வி கேட்பார், வாசிப்பவர் தன் சொந்தக் கருத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். ‘வீரகேசரி’ 1930இலும் ‘தினகரன்’ 1932இலும் பிறந்த பிறகு அதற்குத் தீனி கூடியது. அதற்கு முன்பே தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்தினார். அவர் முதன்முதலில் தோட்டங்களுக்குள் புகுந்தது புடவை வியாபாரி வேடத்தில். வெளியார் உள்ளே வந்தால் அத்துமீறல் என்று துரை பிடித்துக் கொடுக்கலாம் என்ற நிலையில் அதைத் தவிர அவருக்கு வழியில்லை. அச்சிட்ட தாளை வாசகனிடம் சேர்க்க மாறுவேடம் போட வேண்டியிருந்த மலை இது. நூலகவியல் படிக்கும் மாணவர்களுக்கு இந்த அத்தியாயத்தையும் பாடமாக வைக்கலாம்.

இத்தனை தடைக்கும் நடுவில் இந்த மண்ணிலிருந்து தமிழுக்குக் கிடைத்தவர்களைப் பாருங்கள். கண்டியில் 1838இல் பிறந்த சித்திலெப்பை மரைக்கார் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார், 1885இல் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ எழுதி ஈழத்துத் தமிழ் நாவலுக்குக் கால்கோள் இட்டார். தெல்தோட்டைப் பக்கத்துப் போப்பிட்டியில் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர். கல்ஹின்னை என்ற கிராமத்திலிருந்து தமிழ் மன்றம் என்ற பெயரில் புத்தகம் புத்தகமாகப் பதிப்பித்த எஸ். எம். ஹனிபா. 1946இல் கே. ராமநாதனோடு சேர்ந்து ‘பாரதி’ இதழை நடத்திய, சீன எழுத்தாளர் லூசுனைத் தமிழில் பேசவைத்த தலாத்துஓயா கே. கணேஷ். மலைமேல் இன்னும் கொஞ்சம் ஏறினால் சி. வி. வேலுப்பிள்ளை. தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்துப் புத்தகமாக்கினாரே, அதுவும் ஒரு நூலகப் பணிதான். எழுதாத நூலுக்கு அட்டவணை போட்டவர் அவர். கண்டி நகருக்கு உள்ளே சத்தியோதயம் என்ற சமூக ஆய்வு மையம் இருந்தது. யேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972இல் தொடங்கியது. தோட்ட மக்களைப் பற்றி ஆராய வந்தவர்கள் அந்தப் படியில் ஏறாமல் போவது அரிது.

பேராதனையைச் சொல்லாமல் விட்டால் பல்கலைக்கழகத்து நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1942இல் அமைந்த இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் மகாவலிக் கரைக்கு இடம்பெயர்ந்தபோது நூலகமும் கூடவே மலையேறியது. நாட்டின் பெருநூலகங்களில் அது ஒன்று. அதன் நூலகர் எச். ஏ. ஐ. குணதிலக இலங்கையைப் பற்றி உலகமெங்கும் வெளியானவற்றைத் தேடித் தேடி ஐந்து தொகுதி நூல்விவரப் பட்டியலாக்கினார். முதல் தொகுதிகள் 1970இல் வந்தன. கணினி இல்லாத காலம். அட்டைகளும் கைவேலையும் மட்டும். இலங்கையைப் பற்றி யார் எந்த ஆராய்ச்சி தொடங்கினாலும் அதைப் புரட்டாமல் முதல் அத்தியாயம் எழுத முடியாது. ஆனால் நம் கேள்வி அங்கேயும் நிற்கிறது: அந்த நூலகம் பல்கலைக்கழகத்தாருக்கு. கடை வைத்திருக்கும் உங்களுக்கும் பத்திரிகை நடத்தும் எனக்கும் அதிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. அனுமதி வாங்கி உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவே. 1981இல் யாழ்ப்பாண நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்தபோது ‘புத்தரின் படுகொலை’ கவிதையை எழுதிய எம். ஏ. நுஃமான் பின்னாளில் பேராதனையில்தான் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார் என்பதையும் குறித்துவைக்கிறேன். யாழ் நூலகத்தைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். இன்று கண்டியோடு நிற்கிறேன்.

மலைநாட்டு நகரங்கள் எதிலும் தமிழ் வாசகர்களின் நெடுநாள் முறைப்பாடு ஒன்று உண்டு: தமிழ் அலுமாரியில் புதுப் புத்தகம் இல்லை. நூலகரைத் திட்டிவிட்டுப் போவது எளிது. காரணத்தையும் பார்க்க வேண்டும். இங்கே ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சாவது முந்நூறு பிரதி, மிஞ்சினால் ஐந்நூறு. பெரும்பாலும் ஆசிரியரே செலவு செய்து, வெளியீட்டு விழா வைத்து, மேடையில் சிறப்புப் பிரதி கொடுத்து, மீதியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார். சபை நூலகம் விலைமனு கோரி விற்பனையாளரிடம் வாங்குகிறது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் புத்தகம் விலைமனுவுக்குள் வராது. சென்னையிலிருந்து வருவதோ ரூபாயின் மதிப்போடு ஏறி இறங்குகிறது. ஆகவே புத்தகம் போட்ட நண்பர்களே, அடுத்த விழாவில் பொன்னாடைக்குச் செலவழிப்பதில் கொஞ்சம் குறைத்து, கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளை நூலகங்களுக்கு இரண்டிரண்டு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்துவிட்டு வந்துவிடாமல் சேர்வுப் பதிவேட்டில் இலக்கம் விழுந்ததா என்றும் கேளுங்கள். பதியாத புத்தகம் அலுமாரிக்குப் போகாது.

இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் அச்சுப் பிரதிகளை வருடிப் பொதுவில் வைத்துவருகிறது. நின்றுபோன மலையகச் சிற்றிதழ்கள் பலவற்றை இன்று கைப்பேசியில் புரட்டலாம். அதற்குப் பிணையாளி தேவையில்லை. டேட்டா மட்டும் வேண்டும். தோட்டத்தில் எந்த மேட்டில் ஏறினால் சிக்னல் கிடைக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த இதழில் நான்கு பக்கம் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். உங்கள் ஊரின், தோட்டத்தின் வாசிகசாலையைப் பற்றி எழுதுங்கள். எந்த ஆண்டு, யார் நடத்தியது, என்னென்ன பத்திரிகை வந்தது, எதனால் மூடியது, அல்லது இன்னும் திறந்திருக்கிறதா. முதல் நூலக அட்டைக்கு உங்களுக்குப் பிணைக் கையெழுத்துப் போட்டவர் இன்னார் என்று எழுதினால் இன்னும் நல்லது. உயிரோடு இருப்பவராக இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். கையெழுத்தில் அனுப்பலாம், கைப்பேசியில் தட்டச்சு செய்தும் அனுப்பலாம். பழைய படங்கள் இருந்தால் மூலத்தை வீட்டில் வைத்துக்கொண்டு பிரதியை மட்டும் அனுப்புங்கள். தபாலில் தொலைந்துபோனால் அதற்குப் பிணை நிற்க இந்த ஆசிரியரால் முடியாது.

அன்புடன்,
ஆசிரியர்